கடிதத்துக்கு இட்ட சோறு

1991ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பதினான்காம் நாள், வியாழக்கிழமை. வேம்போடையில் வாடைக்காற்று வீசிற்று. மழை பெய்கிறது என்றோ பெய்யவில்லை என்றோ எவரும் துணிந்து கூற இயலாதவாறு, அவ்வூராரின் மனத்தைப் போலவே, தூறுவதும் நிற்பதுமாக இருந்தது. போரினால் தபால் என்பதே ஒழிந்துபோயிருந்த அக்காலத்தில் கடிதங்களை மீன்பெட்டிக்குள் வைத்து ஊரூராகக் கொண்டுசென்ற செபமாலை என்னும் மீன்வியாபாரி, அன்று முற்பகலில் கமலாசனியின் வீட்டு வாசற்படலையடியில் சைக்கிளை நிறுத்தி, வாழைச்சருகில் சுற்றிய ஒரு கடிதத்தை நீட்டினார்.

“பிள்ளை, உன்ரை மனுசன்ரை கடிதம். சூடைமீன் மணக்கும், குறை நினையாதை.”

“மீனாவது மணக்கட்டும் அண்ணை. அவரின்ரை எழுத்திலை ஒண்டும் மணக்காது,” என்று கமலாசனி அதை வாங்கிக்கொண்டாள்.

அவள் சட்டை தைத்துப் பிழைப்பவள். அவளுடைய ஊசிக்கும் நாவுக்கும் கூர்மையில் வேறுபாடில்லை என்றும், ஊசியாவது துணியோடு நின்றுவிடும் என்றும் ஊரில் சொல்லிக்கொள்வார்கள். அவளுடைய கணவர் குணநாயகம் கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசி நிறுத்துக் கொடுத்தவர். எதிரே பசுமாடு வந்தால் ஒழுங்கையின் ஓரத்தில் வேலியோடு வேலியாக ஒட்டி நிற்பவர். அப்படிப்பட்டவர், முந்திய ஆண்டு கோயில் வீதியில் நடந்த ஒரு கூட்டத்தில், தாம் ஒருநாளும் போருக்குப் போகப்போவதில்லை என்பதை நன்கறிந்த ஒருவர் போரைப்பற்றிப் பேசிய பேச்சைக் கேட்டு, கைதட்டிய கை கீழே இறங்குமுன் இயக்கத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

“மாட்டுக்குப் பயந்து வேலி பாயிற ஆள் ஆமியோடை சண்டைக்குப் போறாராம்,” என்றாள் கமலாசனி. “போறதெண்டால் சாப்பிட்டிட்டுப் போங்கோ.”

முதல் வாக்கியத்தைக் கேட்டு ரோசப்பட்டவர் இரண்டாம் வாக்கியத்துக்குச் செவிகொடாமல் இறங்கிப் போனார். மூடிவைத்த சோறு மறுநாட்காலை ஆட்டுக்குப் போயிற்று. கணவர் போருக்குப் போனதைக் காட்டிலும் வெறுவயிற்றோடு போனதே அவளுக்கு ஆறாத கோபமாக இருந்தது. முன்னது நாட்டின் மடமை, பின்னது தன் வீட்டின் மடமை என்று அவள் கருதினாள்.

அடுப்படியில் அமர்ந்து, புட்டும் முருங்கையிலைக் கறியும் போட்ட தட்டை மடியருகே வைத்துக்கொண்டு கடிதத்தைப் பிரித்தாள். ‘அன்புள்ள கமலாசனிக்கு, நான் நலம். உமது நலமறிய ஆவல். இங்கே மழை. கூரையை வேய்வித்தீரா? ஆடு குட்டி போட்டதா? இங்கே எல்லாம் நல்லபடி. சாப்பாடுதான் நேரத்துக்கு வருவதில்லை. பயப்பட வேண்டாம்.’ அவ்வளவே. மரணம் நாள்தோறும் தலைக்கு மேலாகப் பறந்துகொண்டிருந்த இடத்திலிருந்து ஆட்டை விசாரிக்கும் மனிதரை நினைத்துப் பல்லைக் கடித்தபடி அவள் கடிதத்தைத் தட்டின் அருகே வைத்துவிட்டுத் தண்ணீர் வார்க்க எழுந்தாள். செம்போடு திரும்பியபோது புட்டில் பாதி குறைந்திருந்தது.

பூனை இல்லை, காகமும் இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கவே மீதிப் புட்டு ஒரு பக்கமாகக் குழிந்தது, கறி குழைந்தது, பிடி பிடியாக எழும்பாமலே எழும்பி, போகாமலே போயிற்று. தாளிதத்துக் கறிவேப்பிலை மட்டும் ஒவ்வொன்றாகத் தட்டின் விளிம்பில் வரிசையாக வந்து ஒதுங்கியது. கல்யாணம் முடித்த நாள்முதல் கணவர் ஒதுக்கிவைக்கும் அந்தக் கறிவேப்பிலை வரிசையைக் கழுவி ஊற்றியவள் அவள். ஆகையால் வியப்பேதும் கொள்ளவில்லை.

“இப்பதான் சாப்பிட நேரம் கிடைச்சுதோ?” என்று கடிதத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டு, தனக்கென்று வேறு புட்டு அவித்தாள்.

அடுத்த கடிதம் வாரம் திரும்புமுன் வந்தது. ‘வியாழக்கிழமைப் புட்டு வந்து சேர்ந்தது. மிக்க நன்றி. உப்புச் சற்றுக் குறைவு.’

அவள் அதைச் செபமாலையிடம் உரக்க வாசித்துக் காட்டினாள். “கேட்டியளே அண்ணை? உப்பு ஒரு கொத்து என்ன விலை விக்குது, அவர் உப்புக்குறை பிடிக்கிறார்!” அவளுடைய கண்கள் கலங்கியிருந்ததைச் செபமாலை கண்டார், ஆனால் மீன்வியாபாரி நாகரிகமுள்ளவர், மீனைப்பற்றிப் பேசத் தொடங்கினார். அன்றுமுதல் அவள் மூன்று வேளையும் கடிதத்துக்குச் சோறிட்டாள், புதிய கடிதம் வந்தால் பழையதை மடித்துவைத்துப் புதியதற்கு இட்டாள், உப்பையும் கூட்டினாள்.

வேம்போடையில் ஒரு செய்தி ஒளிந்திருக்கக்கூடிய இடம் கிடையாது. குணநாயகத்தின் தமக்கை அன்னலட்சுமி அடுத்த வளவில் வசித்தாள். வேலிக் கிடுகில் அவள் கண் வைப்பதற்கென்றே ஒரு சிறு துளை, ஊர்வழக்கில் பொட்டு, இருந்தது. அடைத்தால் மறுநாள் வேறொரு பொட்டு தோன்றும். மூன்றாம் நாளே ஊர்ப்பெண்கள் படலையைத் திறந்துகொண்டு வரிசையாக வந்து, கடிதம் சோறுண்பதைக் கண்டார்கள். கண்டவுடன் என்ன கேட்டார்கள்? எவ்வாறு நிகழ்கிறது என்று ஒருத்தியேனும் கேட்டாளில்லை. கடிதத்துக்கு எதிரில் ஆண்பிள்ளைக்கு எதிரில் போலத் தலையை முடிந்துகொண்டு நிற்கவேண்டுமா, விரித்தபடி நிற்கலாமா என்று கேட்டார்கள். விரத நாளில் அதற்கு மீன் போடுவது தகுமா என்று கேட்டார்கள். அவர் முதலில் உண்டபின் கமலாசனி உண்கிறாளா, அன்றிச் சேர்ந்தே உண்கிறாளா என்று கேட்டு, சேர்ந்தே உண்கிறாள் என்றறிந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கிராம அதிகாரியான விதானையார் சபாபதிப்பிள்ளையும் வந்தார். ஊரின் நிவாரணம் அவர் கையில் இருந்தது. ஆகையால் ஊரின் மானமும் அவர் கையில் இருப்பதாக அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

“பிள்ளை, உன்ரை நிவாரண அட்டையிலை ஒராள். இஞ்சை சாப்பிடுறது ரண்டு பேர். இது எப்பிடி?”

“ரண்டு பேருக்கு அரிசி தாருங்கோ விதானையார், சரியாப் போயிடும்.”

“அதெப்பிடித் தாறது? மற்றாள் கடுதாசி அல்லோ!”

“அப்ப ஒராள்தானே. என்னத்துக்கு வந்தனீங்கள்?”

அவர் குடையை விரித்தார், மடக்கினார், போய்விட்டார். பின்னர் இயக்கத்தின் வட்டப் பொறுப்பாளர் வந்தார். முகிலன் என்று பெயர் சூட்டியிருந்தார்கள், வயது இருபத்திரண்டு, இடுப்பில் ஒரு வோக்கி டோக்கி இரைந்துகொண்டிருந்தது.

“அக்கா, போராளியளுக்குப் பொதுச் சமையல் இருக்கு. ஒருத்தர் மட்டும் தனிய வீட்டுச் சாப்பாடு சாப்பிடுறது ஒழுங்குமீறல்.”

“அப்ப உங்கடை பொதுச் சமையலை ஒழுங்காச் சமையுங்கோ தம்பி. இருங்கோ, புட்டு இருக்கு.”

ஒழுங்குமீறலில் இரண்டு தட்டு உண்டபிறகு பொறுப்பாளர், இவ்விடயம் மேலிடத்துக்கு அறிவிக்கப்படும் என்று கூறி ஏப்பம் விட்டார். மேலிடத்துக்கு அவர் அறிவிக்கவில்லை. ஆனால் வியாழக்கிழமைகளில் தவறாமல் வந்தார்.

இவ்வளவோடு நின்றிருந்தால் ஊர் அதைத் தன் வழக்கமாகவே ஏற்றுக்கொண்டிருக்கும். இரண்டொரு மாதத்தில் அலுப்புத் தட்டியும் இருக்கும். ஆனால் பிள்ளைகளையும் கணவர்களையும் போருக்கு விட்டுவிட்டிருந்த மற்ற வீட்டார், தத்தம் கடிதங்களைத் தட்டின் அருகே வைத்துப் பார்த்தார்கள். சோறு ஆறியது, எறும்பு ஏறியது, கடிதம் கடிதமாகவே கிடந்தது. அன்னலட்சுமியும் தம்பி தனக்கு எழுதிய ஒரே கடிதத்துக்கு இறால்கறி வைத்து மாலைவரை காத்திருந்தாள். ஓர் இறால்கூடக் குறையவில்லை. தம்பி தமக்கை கையால் உண்ணாமல் பெண்சாதி கையால் உண்கிறானே என்ற பொறாமை அவளுக்குள் புகுந்து, வெளியே வரும்போது சாத்திரமாக வந்தது.

“வாயில்லாமல் சாப்பிடுறது ஆர்?” என்று கிணற்றடியில் அவள் கேட்டாள். “சொல்லுங்கோ பாப்பம். நாங்கள் இலை போட்டு, படத்துக்கு முன்னாலை வைச்சு, ஆருக்குப் படைக்கிறனாங்கள்? செத்தவைக்குத்தானே! என்ரை தம்பி செத்துப்போனான். இவள் பொட்டோடையும் தாலியோடையும் திரிஞ்சுகொண்டு எங்களைப் பேய்க்காட்டி ஏமாத்துறாள்.”

ஊர் அதை உடனே நம்பிற்று. அற்புதம் ஒன்று தன் வீட்டில் நிகழாமல் அயல்வீட்டில் நிகழ்ந்தால், அதற்குச் சாவைத் தவிர வேறு காரணம் அவர்களால் சிந்திக்க முடிந்ததில்லை. உடல் வரவில்லையே என்றால், போர்க்காலத்தில் உடல் எங்கே வருகிறது என்றார்கள்; கடிதம் வருகிறதே என்றால், அது முன்பே எழுதிவைத்ததாயிருக்கும் என்றார்கள்; உப்புக்குறை சொல்கிறாரே என்றால், குணநாயகம் உயிரோடிருந்தபோதும் அதைத்தானே சொன்னார் என்றார்கள். மறுமொழிகள் இவ்வளவு சுலபமாக வந்ததில் அவர்களுக்கே தங்கள் அறிவின்மேல் மதிப்பு உண்டாயிற்று. உயிரோடிருந்து உண்பவருக்கு ஒரு வேளைச் சோறு தவறினால் எங்கோ ஒரு பதுங்குகுழியில் ஒரு மனிதர் பட்டினி கிடப்பார் என்பதைக் கமலாசனி ஒருத்தியே எண்ணினாள்.

அவ்வூரில் ஒரு வழக்கம் உண்டு. எட்டாம் நாட்கிரியையில், செத்தவருக்கு விருப்பமானவையெல்லாம் சமைத்துப் படைத்து, அப்படையலை ஓலைக் கடகத்தில் எடுத்துப் போய், கோயிலுக்கும் கடலுக்கும் பெருந்தெருவுக்கும் வழிகள் பிரியும் முச்சந்தியில் வைத்துவிட்டு, ‘இனி உனக்கு இந்த வீட்டிலே சோறில்லை’ என்று சொல்லித் திரும்பிப் பாராமல் வந்துவிடுவார்கள். அதன்பிறகு செத்தவர் அந்தப் படலையைத் தாண்டுவதில்லை. இதை எவரும் பரிசோதித்ததில்லை. செத்தவர்கள் தாண்டாதிருந்தமையே போதிய சான்றாயிருந்தது.

மார்கழியில் ஒருநாள் கமலாசனி மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்க அயலூருக்குப் போனாள். மாலையில் திரும்பியபோது வீடெங்கும் மஞ்சள்நீர் தெளித்திருந்தது. முற்றத்தில் ஊரார் குந்தியிருந்தனர். கடிதம் திருநீறு பூசப்பட்டு, நான்காக மடிக்கப்பட்டு, தையல் இயந்திரத்தின்மேல் இருந்தது. அன்னலட்சுமி அழுதுகொண்டிருந்தாள், மனநிறைவோடு அழுபவர்களைப் பார்த்தவர்களுக்கு அவ்வழுகை தெரியும்.

“எல்லாம் முறையாச் செய்தாச்சு மச்சாள். இறாலும் வைச்சனான்.”

“என்ன செய்தனீங்கள்?”

“வழியனுப்பினனாங்கள்,” என்றார் விதானையார். “ஆம்பிளையள் நாங்கள் நிண்டு நடத்தினது. குருக்களையாவும் வந்தவர். நீ இனி யோசியாதை.”

“உயிரோடை இருக்கிற மனுசனுக்கு எட்டுச் செய்தனீங்களோ?”

“உயிரோடை இருந்தால் அவனுக்கு ஒண்டும் ஆகாதுதானே,” என்று விதானையார் பெருந்தன்மையோடு கூறினார்.

அன்று மாலை அவள் வைத்த சோற்றைக் கடிதம் தொடவில்லை, மறுநாட்காலையும் தொடவில்லை. கூடுதலாக உப்பிட்டாள், உப்பில்லாமல் இட்டாள், புட்டு, இடியப்பம், ஒடியற்கூழ் என்று ஒவ்வொன்றாக மாற்றினாள். நண்பகலில், ஆறிய சோற்றின்மேல் ஈ அமர்ந்ததைக் கண்டபோது, அவளுடைய வயிறு தன் பசியல்லாத ஒரு பசியால் இழுத்துப் பிடித்தது. அழுவதற்கு அது நேரமன்று என்று அவள் துணிந்தாள். வேலியோரம் போய், அந்தப் பொட்டுக்கு நேராக வாயை வைத்தாள்.

“மச்சாள், அங்கைதான் நிக்கிறியள் எண்டு தெரியும். சோத்தை எங்கை வைச்சனீங்கள்?”

வேலிக்கு அப்பாலிருந்து அன்னலட்சுமியின் குரல் வந்தது. “முச்சந்தியிலை. வேறை எங்கை வைக்கிறது?”

“அவர் பின்னாலை வந்தவரோ?”

“நாங்கள் திரும்பிப் பாக்கேல்லை.”

“நீங்கள் எப்பதான் பாத்தனீங்கள்!” என்று கமலாசனி சோற்றுச் சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கினாள்.

முச்சந்தியில், மூன்று வழிகளும் கூடும் நட்டநடுவில், நனைந்த மணலில், அவள் வாழையிலையை விரித்துக் கடிதத்தை வைத்தாள். தூறல் விழுந்தது. குடையைக் கடிதத்துக்குப் பிடித்துக்கொண்டு தான் நனைந்தபடி சோற்றை இட்டாள். இட்ட கை விலகுமுன் சோறு குழிந்தது. அவ்வளவு விரைவாக அது ஒருநாளும் உண்டதில்லை. கறிவேப்பிலையை ஒதுக்கக்கூடப் பொறுக்காமல் அதையும் சேர்த்துத் தின்றது. அப்போதுதான் அவள் அழுதாள்.

அன்றுமுதல் அவள் முச்சந்திக்குக் குடிபெயர்ந்தாள். அடுப்புக்கு மூன்று கல், மேலே ஒரு கிடுகுப் பந்தல், பந்தலின் கீழே தையல் இயந்திரம். மாட்டுவண்டி சுற்றிப் போயிற்று. உழவு இயந்திரம் சுற்றிப் போயிற்று. இயக்கத்து வாகனம் ஊதி ஊதிப் பார்த்துவிட்டு, உள்ளே முகிலன் இருந்தமையால், நின்று உண்டுவிட்டுச் சுற்றிப் போயிற்று. வழியை மறிக்காதே என்றவர்களுக்கு அவள் ஒரே மறுமொழி வைத்திருந்தாள்: “நானோ இவரை இஞ்சை கொண்டுவந்து விட்டனான்?” சட்டை தைக்கவேண்டியவர்கள் அங்கேதான் வந்தாக வேண்டும், வந்தவர்களுக்கு அளவெடுத்தபடி, ஊரைப்பற்றித் தான் கொண்டிருந்த கருத்தையும் அவள் ஒளிவின்றிக் கூறினாள். பொம்பர் என்னும் குண்டுவீச்சு விமானம் இரைந்து வந்தபோது ஊர் முழுவதும் குழிக்குள் இறங்கிக் காதைப் பொத்திக்கொள்ள, அவள் மட்டும் கடிதத்தின்மேல் குனிந்து அமர்ந்திருந்தாள். ஆமி, இயக்கம் என்னும் இரு தரப்பாரும் அவளுடைய கணிப்பில் ஒரே வகையினர்: சாப்பாட்டு நேரத்தில் வருபவர்கள்.

பங்குனியில் தேர் வந்தது. தேரின் வழியில் எச்சில் இலை கிடக்கலாகாது. கோயிற் சபை கூடிற்று. செய்த கிரியையை மீட்டு, குணநாயகத்தைத் திரும்ப வீட்டுக்கு அழைத்துவிட்டால் தீர்ந்தது என்று ஒருவர் கூறினார். குருக்கள் நெடுநேரம் தொண்டையைச் செருமிவிட்டு, அனுப்புவதற்கு மந்திரம் உண்டு, அழைப்பதற்கு இல்லை, இதுவரை எவரும் கேட்டதுமில்லை என்றார். பந்தலைச் சுற்றித் தேரைத் திருப்புவதென்றால் இடம் வேண்டும். மூலை வளவு விதானையாருடையது. வேலியை ஒரு விரற்கடை நகர்த்தியதற்காக மூன்று தலைமுறை நீதிமன்றம் ஏறும் ஊரில், பெற்ற தாயின் மரணத்தை மன்னித்தாலும் வேலியை மன்னியாத ஊரில், கடவுளின் பெயரால் சபாபதிப்பிள்ளையின் வேலி பத்து முழம் உள்ளே தள்ளப்பட்டது. வேலியில் நட்ட பூவரசங் கதியால்களை இளைஞர்கள் பிடுங்கியபோது அவர் தம் குடையை ஊன்றியபடி நின்றார். தேர் வளைந்து போயிற்று. பந்தலின் கீழ் கமலாசனி இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். தேரை நிமிர்ந்து பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். விதானையாரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

குணநாயகம் 1995ஆம் ஆண்டுத் தையில் வந்தார். சண்டை சிலகாலம் ஓய்ந்திருந்தது; இடச் செவி கேளாமற் போயிற்று என்று இயக்கம் அவரை விலக்கியிருந்தது. கடல்வழியாக வரும் பாதையில், ஒரு துணிப்பையோடு, எதிரே வந்த பசுமாட்டுக்கு ஒதுங்கி வழிவிட்டபடி நடந்து வந்தார். நேரே பந்தலின் கீழ் வந்து அமர்ந்தார்.

“இஞ்சேரும், இருக்குதோ?”

“ஒருநாளும் நேரத்துக்கு வராதையுங்கோ,” என்று சொல்லி அவள் இலையைப் போட்டாள்.

உண்டபிறகு இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். ஊர் பின்னால் வந்தது. படலையடியில் அவர் நின்றார். வலக்காலைத் தூக்கினார், கால் உள்ளே விழவில்லை. இடக்காலைத் தூக்கினார். சுவரென்று ஒன்றுமில்லை, வலியென்று ஒன்றுமில்லை. முற்றத்து மாமரத்தை அவரால் பார்க்க முடிந்தது, ஆட்டைப் பெயர்சொல்லிக் கூப்பிடவும் முடிந்தது. போவது மட்டும் முடியவில்லை. அவர் கூச்சத்தோடு சிரித்தார். யாரோ ஒருத்தி அன்னலட்சுமியைப் பார்த்தாள். அன்னலட்சுமி நிலத்தைப் பார்த்தாள்.

விதானையார் தொண்டையைச் சரிசெய்துகொண்டு முன்னே வந்தார். “பாத்தியே பிள்ளை? அண்டைக்கு நாங்கள் செய்த கிரியைதான் இவனைக் காப்பாத்தினது. செத்தவனெண்டு கணக்கு முடிச்சாச்சு. பிறகு யமன் என்னத்துக்குத் தேடி வாறான்?”

ஊர் தலையசைத்தது. அவர்களுடைய முகங்களில் நன்றியை எதிர்பார்க்கும் ஒளி படர்ந்ததைக் கமலாசனி ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“ஓம் விதானையார்,” என்றாள். “உங்களுக்கும் ஒருநாள் நான் நல்ல கறியோடை செய்துவிடுறன்.”

கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு முச்சந்திக்குத் திரும்பினாள்.

பின்னர் நிகழ்ந்தவை வருமாறு. பந்தலுக்கு அவர்கள் மண்சுவர் வைத்தார்கள். அதே ஆண்டு ஐப்பசியில் சண்டை மீண்டும் வந்து, ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது, அவர்களும் போனார்கள். விதானையார் போன இடத்தில், ஒரு பள்ளிக்கூடத்தின் தாழ்வாரத்தில், காய்ச்சலில் இறந்தார்; கமலாசனி தான் சொன்னபடியே இறால்கறியோடு எட்டுச் செய்தாள். முகிலன் எங்கே விழுந்தார் என்பது தெரியவில்லை. சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தபோது வீடுகளுக்குக் கூரை இல்லை, வளவுகளுக்கு வேலி இல்லை. தேருக்காகத் தெரு வளைந்த அந்த ஓரிடத்தை வைத்துத்தான் எவர் வளவு எதுவென்று அளந்து கண்டுபிடித்தார்கள். குணநாயகமும் கமலாசனியும் முச்சந்தியிலேயே குடியிருந்தார்கள். 2004ஆம் ஆண்டு புரட்டாசியில் குணநாயகம் நித்திரையில் இறந்தார்.

எட்டாம் நாள் கமலாசனி தனியே சமைத்தாள். படையலைக் கடகத்தில் எடுத்துக்கொண்டு, முச்சந்தியிலிருந்து வீட்டை நோக்கி நடந்தாள். அடிக்கொருதரம் திரும்பிப் பார்த்துப் பார்த்து நடந்தாள். வேலி போனபின்னும் தனியே நின்ற படலையை அகலத் திறந்துவைத்து, கூரையில்லாத அடுப்படியில் இலையை விரித்தாள். அன்னலட்சுமியின் பக்கத்தில் வேலி இல்லாதபடியால் அவள் வெளிப்படையாகவே நின்று பார்த்தாள்.

சோறு தீர்ந்தது. கறிவேப்பிலை இலையின் ஓரத்தில் வரிசையாக இருந்தது. அன்றைய கறிக்குக் கமலாசனி உப்பே போட்டிருக்கவில்லை. குறை சொல்லிக் கடிதம் எதுவும் வரவில்லை.